நல்ல வீக்கம்

786

கள்ளக்குறிச்சி,
14-6-1987

அன்பு மகள் அத்தியாவுக்கு அத்தா பக்கீர் முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீ நல்ல சுகத்தோடு இருக்க அல்லாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று வருடமாக எழுதாதவன் எழுதியிருக்கிறானே என்று பயப்பட வேண்டாம். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. விடுதியை மாற்றினாயோ என்னவோ என்று கல்லூரி விலாசத்துக்கே போடுகிறேன். மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேப்பரில் பார்த்தேன். குளிக்கவாவது கிடைக்கிறதா?

இது உன் தங்கை விஷயம். ஜன்னத் உனக்குக் கடிதம் போடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை எழுதியிருக்க மாட்டாள். அவளுக்கு நிக்காஹ் ஆகி ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை பைரோஸ் தங்கமான பிள்ளை, ஒரு சொல் சொன்னதில்லை. அவருடைய தாயார்தான் போன வாரம் சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் கறிக்கடை வாசலிலேயே நின்றுகொண்டு, "மீலாது வரைக்கும் பாப்பேன் பாய். அதுக்கு மேல எம்புள்ளைக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான், வருத்தப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் வெட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு வெட்டிய துண்டுகளில் ஒன்றாவது ஒழுங்காக விழவில்லை.

சங்கராபுரத்தில் ஒரு டாக்டர், விழுப்புரத்தில் ஒரு டாக்டர் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் குறை இல்லையாம். ஜன்னத்துக்கு மாதக் கணக்கு தவறுவதே இல்லை. (இதையெல்லாம் ஒரு தகப்பன் எழுத வேண்டியிருக்கிறது. உன் அம்மா மவுத்தாகி ஏழு வருடம் ஆகிறது. வேறு யார் எழுதுவது?) அவளுக்கு இருக்கும் ஒரே நோவு மூட்டு வலிதான். கல்யாணமான முதல் வருடமே விரலும் முட்டியும் வீங்க ஆரம்பித்தன. மருந்துக் கடையில் ஒரு கேப்சூல் கொடுக்கிறார்கள். தினம் இரண்டு. அது இல்லாவிட்டால் துணி பிழியக்கூட முடியாது.

நீ எலியின் சினைப்பையை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னபோது நான் என்ன வார்த்தை சொன்னேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. வெளியில் சொல்ல முடியாத படிப்பு என்றேன். வந்த வரனையும் நீ வேண்டாமென்றதும், இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்றேன். இப்போது அந்தப் படிப்பிடம்தான் கேட்க வந்திருக்கிறேன். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. என் மேல் கோபம் இருந்தால் தங்கைக்காக எழுது.

துஆவுடன்,
அத்தா


கள்ளக்குறிச்சி,
26-7-1987

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாம்.

உன் முதல் கடிதத்தை உடைக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. ஏதாவது திட்டியிருப்பாய் என்று நினைத்தேன். முதல் வரியே "அந்த கேப்சூலின் பெயர் என்ன அத்தா, அட்டையைக் கிழித்து உடனே அனுப்புங்கள்" என்று இருந்தது. எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. அன்றே சங்கராபுரம் போய் அட்டையை வாங்கித் தபாலில் போட்டேன். பிறகு நீ எழுதிய எட்டுப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து.

சினைப்பையில் ஒரு நீர்க் கொப்புளத்துக்குள் முட்டை வளர்கிறது. வெளியே வர வேண்டிய நாள் நெருங்கியதும் மூளைப் பக்கமிருந்து உத்தரவு வருகிறது. உடனே கொப்புளத்தின் சுவரிலிருந்து ஒரு சேதி கிளம்புகிறது. காலில் முள் தைத்தால் அந்த இடத்திலிருந்து கிளம்புமே, அதே மாதிரிச் சேதி. அதைக் கேட்டு இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கும்பலாக வந்து சேர்கின்றன. அந்த இடம் சிவந்து வீங்கி, சுவர் இளகி, உடைந்து முட்டை வெளியே வருகிறது. அடி படவும் இல்லை, கிருமி புகவும் இல்லை. ஆனாலும் வீக்கம் உண்டு. அது நல்ல வீக்கம். மூட்டில் வருவது கெட்ட வீக்கம். கேப்சூலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்து அமுக்கிவிடும். அப்போது முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஆனால் கொப்புளம், முட்டை போய்விட்டது போலவே மேற்கொண்டு தன் வேலையைப் பார்ப்பதால் மாதக் கணக்கு மட்டும் தவறாது. அதனால் வெளியிலிருந்து பார்க்கிற டாக்டருக்குக் குறை தெரியாது. சரிதானே?

கடைசியில், "எலியிலும் முயலிலும் இதைப் பார்த்திருக்கிறோம். பெண்களிலும் சிலரிடம் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். ஜன்னத்துக்கு இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்தால்தான் தெரியும்" என்று எழுதியிருந்தாய். இப்படிப் பேசி நான் வியாபாரம் செய்தால் ஒரு கிலோ கறி போகாது. ஆனால் அந்த இடத்தைப் படித்த பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

சரி, இதை ஜன்னத்திடம் யார் சொல்வது? உன் கடிதத்தை அப்படியே கொடுக்கலாம் என்று பார்த்தேன். அவள் எட்டுப் பக்கம் படிக்கிற ஆள் இல்லை. வெள்ளிமலையிலிருந்து ஆடு ஓட்டி வரும் செல்லமுத்து அந்த வாரம் ஒரு வறட்டு ஆட்டைக் கொண்டு வந்தான். "நேத்துலருந்து கத்திக்கினே கீது பாய், கிடா கேக்குது. நாலு வருசமா சினையே புடிக்கல" என்றான். அதை அறுத்தபோது முதல் தடவையாக அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் மொச்சைக் கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். முப்பது வருடமாக நாய்க்கு வீசியிருக்கிறேன். ஒன்றில் நீ வரைந்து காட்டியிருந்தபடியே ஒரு கொப்புளம், உடைவதற்குத் தயாராக, மேலே இரத்த நரம்பு நூல் நூலாக ஓடிச் சிவந்திருந்தது. வேறொரு ஆட்டில், கிடா கேட்டு எட்டு நாள் ஆனதில், கொப்புளம் உடைந்த இடத்தில் சதைக் கட்டி மாதிரி திரண்டிருந்தது. இரண்டையும் உப்புத் தண்ணீரில் போட்டு டிபன் பாக்ஸில் வைத்து, சைக்கிளில் ஐஸ் விற்பவனிடம் கொஞ்சம் ஐஸ் வாங்கிச் சுற்றிலும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சம்பந்தியம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம். நான் ஜன்னத்தை உட்காரவைத்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். கறிக்கடைக்காரன் மகள், முகம் சுளிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவள், "இத்தயெல்லாம் எங்கிட்ட சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா அத்தா?" என்று கேட்டாள். "இருக்குதும்மா, இருந்தாலும் கேளு" என்றேன். அவள் ஒரு நிமிஷம் சிரித்தாள், பிறகு சிரித்தபடியே அழுதாள். எல்லாம் கேட்ட பிறகு கொப்புளத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, "அப்ப எங்கிட்ட குறை இல்லியா? முட்ட உள்ள வந்துக்கினுதான் இருக்குதா?" என்றாள். "அக்கா அப்பிடித்தான் இருக்கலாம்னு எழுதியிருக்கா" என்றேன். ஐந்து வருடமாக அவள் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கேப்சூலைத் தானாக நிறுத்தக் கூடாது, பாண்டிச்சேரியில் உங்கள் பேராசிரியருக்குத் தெரிந்த டாக்டரம்மாவைப் பார்த்த பிறகுதான் என்று நீ எழுதியதையும் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டில் கூட்டிப் போகிறேன்.

உன் எலிகளுக்கு என் ஸலாம். (இது கேலி இல்லை.)

அத்தா


கள்ளக்குறிச்சி,
27-9-1987

அன்பு மகளுக்கு அத்தாவின் ஸலாமும் துஆவும்.

பத்து நாளாகத் தபால் இல்லை, பஸ் இல்லை. நீ கவலைப்பட்டிருப்பாய். நாங்கள் எல்லோரும் நலம். நடந்ததை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி பாண்டிச்சேரிக்குப் போய் ஐந்து நாள் தங்கினோம். நானும் ஜன்னத்தும் மாப்பிள்ளையும். டாக்டரம்மா தினமும் அவளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தார். கொப்புளம் முதல் நாள் இருந்ததைவிட அடுத்த நாள் பெரிதாக வளர்ந்தது. உடைய வேண்டிய நாளில் உடையவில்லை. அதற்கு அடுத்த நாளும் உடையவில்லை. டாக்டரம்மா உன் கடிதத்தை என்னிடம் வாங்கிப் படித்துவிட்டு, "உங்க பெரிய பொண்ணு சொன்னது சரியா இருக்கலாம்" என்றார். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். கேப்சூலை நிறுத்தச் சொல்லி மூட்டுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அது கேட்கப் பல மாதம் ஆகும், அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும், அடுத்த மாதம் இதே கணக்கில் பதினேழாம் தேதி வந்தால் கொப்புளம் உடைகிறதா என்று பார்த்துவிடலாம் என்றும் சொன்னார்கள்.

அந்த ஒரு மாதம் ஜன்னத் பட்ட பாட்டை எழுத முடியாது. காலையில் விரல் மடங்காது. முட்டியை ஊன்றி எழுந்திருக்க முடியாது. மாப்பிள்ளை தண்ணீர் சேந்தி, துணி துவைத்து, அதற்குப் பிறகுதான் துணி மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பினார். அவர் தொழில் உனக்குத் தெரியுமே, ரிஷிவந்தியம், வடக்கனந்தல், மலைமேல் வெள்ளிமலை என்று சந்தை சந்தையாக வாரத்தில் ஐந்து நாள் வெளியூர்தான். மகன் சேலை பிழிவதைப் பார்த்து அவருடைய தாயார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவரே நொச்சி இலையை வதக்கி எடுத்து வந்து ஜன்னத்தின் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாராம்.

பதினேழாம் தேதி காலை நாங்கள் பஸ் ஏற வேண்டும். அன்றைக்குத்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. பேப்பரில் படித்திருப்பாய். இங்கே நாலா பக்கமும் புளிய மரத்தை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டார்கள். ஒரு வண்டி ஓடவில்லை. போலீஸ் வந்தது, பல ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்ததாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு நாள் முழுக்க என்ன செய்வதென்றே தெரியவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கராபுரத்துக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில் ஒரு மரத்தருகே நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஆதிமூலம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் கடையில் அரைக் கிலோ வாங்குகிறவர், கரும்புக் காட்டில் கூலி வேலை. "இன்னா பாய், சைக்கிள்ல கெளம்பிட்டீங்க?" என்று எழுந்து வந்தார். மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். "ஆஸ்பத்திரி கேஸுன்னா நாங்களே மரத்த நவுத்தி உடுவோம். ஆனா வண்டி எங்க பாய் கீது? பாண்டிச்சேரி வரைக்கும் எத்தினி மரம் கெடக்குதோ" என்றார். சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். நான் ஏறப் போனபோது அவர் சொன்னதைக் கேள்: "எதுக்கு உக்காந்துக்கினு கீறோம்னு பாக்கறீங்களா? எங்க புள்ளைங்களும் காலேஜிக்குப் போவணும் பாய். உங்க பெரிய பொண்ணு மெட்ராஸ்ல ஆராய்ச்சி படிக்குதாமே, அந்த மாதிரி ஒண்ணு எங்க வூட்டுலயும் வரணும்னுதான்."

அத்தியா, அதைக் கேட்ட பிறகு நான் சைக்கிளில் ஏறவில்லை. கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டே நடந்தேன். அவர் எதற்காக நடு ரோட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தாரோ, அது என் வீட்டில் தானாகவே நடந்தது. நான் அதை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன்.

சங்கராபுரம் போய்ச் சேர்ந்தபோது ஜன்னத் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். பயணம் இல்லை என்றதும், "ஸ்கேனே இல்லன்னா நான் இன்னாத்துக்கு அத்தா நோவணும்? அந்த மாத்திரையக் குடுங்க, ஒரே ஒரு நாளைக்கு" என்று கெஞ்சினாள். எனக்கோ கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மாப்பிள்ளையின் தாயார்தான் அடுப்படியிலிருந்து வந்து, "அந்த ஸ்கேன் பொட்டி பாத்தா உடையும், பாக்காட்டி உடையாதா? பொறுத்துக்கோ தாயி, நான் இருக்கேன்" என்று அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடியில் வைத்தபடியே விரல் ஒவ்வொன்றாக நீவிவிட்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜும்ஆ தொழுகைக்கு நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து போனோம். சாயங்காலம் நான் திரும்பிவிட்டேன். சந்தை எதுவும் கூடவில்லை, வண்டியும் ஓடவில்லை. அதனால் மாப்பிள்ளை மறியல் நடந்த அந்த ஏழு நாளும் எங்கேயும் போகவில்லை, வீட்டிலேயேதான் இருந்தார். இதற்கு மேல் ஒரு தகப்பன் எழுதக் கூடாது. நீ படித்தவள்.

ஸ்கேன் தவறிவிட்டதே என்று டாக்டரம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை எழுது. ஜன்னத்துக்காக துஆ செய்.

அத்தா


கள்ளக்குறிச்சி,
15-11-1987

அன்பு மகள் அத்தியாவுக்கு அத்தாவின் ஸலாம்.

அல்ஹம்துலில்லாஹ். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் ஆரம்பத்தில் வர வேண்டியது ஜன்னத்துக்கு வரவில்லை. வலியில் தள்ளிப்போயிருக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். மாதக் கடைசியில் மாப்பிள்ளை பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்லிவிட்டார். இப்போது இரண்டு மாதம் முடிந்து மூன்றாவது நடக்கிறது. நான் முந்தியே எழுதியிருப்பேன். ஜன்னத்துதான், "அக்காவுக்கு நானேதான் மொதல்ல எழுதுவேன்" என்று பிடிவாதமாக நின்றாள். கோணல் மாணலான எழுத்தில் உனக்கு ஒரு கார்டு வந்திருக்குமே, அது அந்த விரலால் எழுதியது.

டாக்டரம்மா உன்னைப் போலவேதான் பேசுகிறார். மாத்திரையை நிறுத்தியதால்தான் தங்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஸ்கேனில் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அப்படி நினைக்க நியாயம் இருக்கிறது என்றார். முதல் மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார். மூட்டுக்குக் கொடுத்த மருந்தையும் நிறுத்திவிட்டார். பயந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் இரண்டு வாரமாக வீக்கம் வடிய ஆரம்பித்திருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சிலருக்கு அப்படிக் குறையுமாம், பிறகு திரும்பவும் வரலாமாம். வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். நேற்று ஜன்னத் தன் கையாலேயே தலை பின்னிக்கொண்டாள்.

மீலாது முடிந்த மறுநாள் சம்பந்தியம்மா கடைக்கு வந்தார். வரிசையில் நின்றிருந்தவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "கால் கிலோ ஈரல் குடுங்க, நல்லதா பாத்துக் குடுங்க, எம்மருமவளுக்கு" என்றார். அவ்வளவுதான். நான் நல்லதாகப் பார்த்து எடை போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது மட்டும், "ஒங்க பெரிய பொண்ணு எப்ப வருது? நான் பாக்கணும்னு சொன்னேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஆதிமூலத்தின் மகள் எட்டாவது படிக்கிறாளாம், கணக்கில் நல்ல மார்க்காம். மேற்கொண்டு என்ன படிக்கவைப்பது என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும், என் மகள் லீவுக்கு வந்தால் அவளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், நீ லீவுக்கு வருவாய் என்று நானாகவே சொன்னது எனக்கே உறைத்தது.

உன் அறையில் அரிசி மூட்டைதான் கிடந்தது. எடுத்து வேறு இடத்தில் போட்டுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். நீ வந்தால் யாரும் வரனைப் பற்றிப் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். உனக்கே தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் இருக்கட்டும்.

உன்னிடம் கேட்க ஒரு சந்தேகம் வைத்திருக்கிறேன். கடையில் இப்போதெல்லாம் சினைப்பையை வீசுவதில்லை, வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். சிவந்து வீங்கி உடைந்த இடம் கொஞ்ச நாளில் ஆறி, வெறும் வெள்ளைத் தழும்பாகி, பக்கத்திலேயே புதிதாக ஒரு கொப்புளம் வளர்வதைப் பார்க்கிறேன். அந்த வெள்ளை அணுக்களை வரச் சொல்லிக் கூப்பிடும் சேதியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினாய். வந்து, உடைத்து, வேலை முடிந்த பிறகு அவை எப்படித் திரும்பிப் போகின்றன? தாங்களாகவே போய்விடுமா, போதும் என்று யாராவது சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டியவன் மூன்று வருடம் தாமதித்தால் அந்த இடம் என்ன ஆகும்? ஆறுமா?

இதற்குப் பதிலைத் தபாலில் எழுதாதே, அம்மா. வந்து சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அத்தா
பக்கீர் முகமது